தேசிய விடுமுறை நாட்கள்: திருப்பூரின் கொடியும் கூலியும்

இந்தியாவின் தேசிய விடுமுறை நாட்கள் மூன்று: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களில் இவற்றுடன் மே 1ஆம் தேதியும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாகச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. பள்ளி மாணவருக்கு இந்நாட்கள் என்றால் கொடியேற்றம், மிட்டாய், மாறுவேடப் போட்டி. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவருக்கு முதலில் எழும் கேள்வி வேறு. அன்று கம்பெனி உண்டா? இல்லையென்றால் அன்றைய சம்பளம் உண்டா?

இதைத் தேசபக்தியோடு தொடர்பில்லாத கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் தேசிய நாள் என்ற வழக்கமே, மக்கள் தாங்களாக ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுத்ததில் இருந்துதான் தொடங்கியது. அதன் வரலாற்றைத் திருப்பூரில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

கடையடைப்பில் பிறந்த நாள்

ஆங்கிலேயர் ஆட்சியிலும் அரசு கொண்டாட்ட நாட்கள் இருந்தன. விக்டோரியா மகாராணி பிறந்த மே 24ஆம் தேதி பேரரசு நாளாகப் பள்ளிகளில் கொண்டாடப்பட்டது. அது மேலிருந்து அளிக்கப்பட்ட நாள்.

கீழிருந்து எழுந்த முதல் பெரிய நாள் 1919இல் வந்தது. விசாரணையின்றிச் சிறையில் அடைக்க அனுமதிக்கும் ரௌலட் சட்டம் அந்த ஆண்டு மார்ச் மாதம் நிறைவேறியபோது காந்தி சென்னையில், ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். நாடு முழுவதும் ஒரு நாள் தொழிலை நிறுத்தி, உண்ணாவிரதம் இருந்து, வழிபாட்டில் ஈடுபட வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது அங்கேதான். முதலில் மார்ச் 30 என்றும் பின்னர் ஏப்ரல் 6 என்றும் நாள் குறிக்கப்பட்டது. இதுவே ஹர்த்தால். அதற்கு அடுத்த வாரம், ஏப்ரல் 13 அன்று, அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் படுகொலை நடந்தது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 6 முதல் 13 வரை ‘தேசிய வாரம்’ என்று காங்கிரசார் கடைப்பிடித்தனர். நூல் நூற்பதும் கதர் விற்பதும் அந்த வாரத்தின் முக்கியச் சடங்குகள்.

அடுத்த நாள் 1930இல் உருவானது. 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு, முழு விடுதலையே தனது இலக்கு என்று தீர்மானித்தது. அதையொட்டி 1930 ஜனவரி 26 விடுதலை நாளாக அறிவிக்கப்பட்டது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர் ஊராகக் கொடியேற்றி, உறுதிமொழி வாசித்தார்கள். இன்று நாம் குடியரசு நாள் என்று சொல்லும் தேதி, அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அரசின் அனுமதி இல்லாத ஒரு சுதந்திர தினமாக இருந்தது. பாடப்புத்தகங்களில் இது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது; அதனால்தான் ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டால் பலரும் தடுமாறுகிறார்கள்.

1932 ஜனவரி, திருப்பூர்

அக்காலத்தில் திருப்பூர் பஞ்சுச் சந்தைக்கும் கதருக்கும் பெயர் பெற்ற ஊர். பனியன் தொழில் 1920களில்தான் முளைவிடத் தொடங்கியிருந்தது. 1925இல் காந்தி தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுப் பணிகளுக்குத் திருப்பூரே மையமாக இருந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நூற்ற நூலும் நெய்த துணியும் இங்கு வந்து சேர்ந்தன.

குமரன் 1904 அக்டோபர் 4 அன்று சென்னிமலையில் ஒரு கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் நாச்சிமுத்து, கருப்பாயி. பள்ளிப்படிப்பு தொடக்க நிலையோடு நின்றது. தறியில் கிடைத்த வருமானம் போதாததால் மண்டியில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். 1923இல் ராமாயியை மணந்தார். திருப்பூரில் தேசபந்து வாலிபர் சங்கத்தில் இயங்கினார். பெரிய தலைவர், பேச்சாளர், வழக்கறிஞர் என்று எந்த அடையாளமும் இல்லாதவர். இன்றைய திருப்பூரில் இருந்திருந்தால் ஏதேனும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பார்.

1931 டிசம்பர் இறுதியில் லண்டன் வட்டமேசை மாநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய காந்தி, 1932 ஜனவரி 4 அன்று கைது செய்யப்பட்டார். சட்டமறுப்பு இயக்கம் மீண்டும் தொடங்கியது; காங்கிரஸ் அமைப்புகள் தடை செய்யப்பட்டன. ஜனவரி 10 அன்று திருப்பூரில் தடையை மீறி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பி. எஸ். சுந்தரம் உள்ளிட்ட தொண்டர்களோடு குமரனும் கொடியேந்திச் சென்றார். காவலர்கள் தடியடி நடத்தினர். தலையில் பலத்த காயத்தோடு விழுந்த குமரனின் கையில் கொடி இருந்தது. மறுநாள், ஜனவரி 11 அன்று, அவர் இறந்தார். வயது 27.

அந்தக் கொடியைப் பற்றி ஒரு குறிப்பு. அன்று காங்கிரசின் மூவண்ணக் கொடியின் நடுவில் இருந்தது அசோகச் சக்கரம் அல்ல, இராட்டை. காவி, வெள்ளை, பச்சை என்ற நிற வரிசையை 1931 ஆகஸ்டில்தான் காங்கிரஸ் ஏற்றிருந்தது. இராட்டை இருந்த இடத்தில் அசோகச் சக்கரம் வந்தது 1947 ஜூலை 22 அன்று, அரசியல் நிர்ணய சபையின் முடிவால். நெசவாளர் வீட்டுப் பிள்ளையான குமரன் தாங்கியது, தன் வீட்டுத் தொழிலின் சின்னம் பொறித்த இயக்கத்தின் கொடி. நாடு என்ற சொல்லும் பிழைப்பு என்ற சொல்லும் அவருக்கு எட்டாத தூரத்தில் இருந்திருக்காது.

குமரன் இறந்து பதினைந்து நாட்களில் 1932ஆம் ஆண்டின் ஜனவரி 26 வந்தது. அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தில் ஆர்யா என்று அழைக்கப்பட்ட பாஷ்யம் ஏறி மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்டார், சிறை சென்றார். இன்று அரசே செய்யும் அதே செயல் அன்று தண்டனைக்குரிய குற்றம்.

‘கொடி காத்த குமரன்’ என்ற பெயர் பின்னர் மேடை நாடகங்கள் வழியாகவும் பள்ளி ஆண்டு விழாக்கள் வழியாகவும் தமிழ்நாடு முழுவதும் பரவியது. 1973இல் வெளியான ‘ராஜபார்ட் ரங்கதுரை’ படத்தில் நாடக நடிகராக வரும் சிவாஜி கணேசன் குமரன் வேடம் ஏற்பதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். நூற்றாண்டையொட்டி 2004 அக்டோபரில் இந்திய அஞ்சல் துறை குமரனுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. திருப்பூரில் சிலையும் நினைவகமும் அவர் பெயரில் சாலையும் உள்ளன.

ஒரே நாள், வெவ்வேறு பொருள்

1947 ஆகஸ்ட் 15 என்ற தேதியை இந்தியர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் மவுண்ட்பேட்டன் தேர்ந்தெடுத்த நாள் அது. அதனால் பழைய விடுதலை நாளான ஜனவரி 26க்கு ஓர் இடம் தேவைப்பட்டது. 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பட்ட அரசியலமைப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் அந்த முதல் ஆகஸ்ட் 15 எல்லோருக்கும் ஒரே நாளாக இருக்கவில்லை. பெரியார் அதைத் துக்க நாள் என்று அறிவித்தார். அதிகாரம் ஆங்கிலேயரிடமிருந்து வடநாட்டவருக்கும் பார்ப்பனருக்கும் கைமாறுவதாக அவர் கருதினார். அதே இயக்கத்தில் இருந்த அண்ணா, அந்நிய ஆட்சி நீங்குவது மகிழ்ச்சிக்குரியது என்று வெளிப்படையாக மாறுபட்டு எழுதினார். ஒரு தேசிய நாளின் பொருளைப் பற்றி நண்பர்களுக்குள்ளேயே இவ்வளவு கூர்மையான விவாதம் நடந்ததும், அது எழுத்தில் நம்மிடம் இருப்பதும் நல்லதே.

1974 வரை மாநிலத் தலைநகரங்களில் ஆகஸ்ட் 15 அன்று ஆளுநர்களே கொடியேற்றினர். மாநில முதலமைச்சர்களுக்கு அந்த உரிமை வேண்டும் என்று மு. கருணாநிதி வலியுறுத்திப் பெற்றார்.

விடுமுறைச் சட்டமும் பனியன் கம்பெனியும்

தொழிலாளிக்குத் தேசிய நாள் உண்மையில் வந்து சேர்ந்தது 1958இல். அந்த ஆண்டு இயற்றப்பட்ட தொழில் நிறுவனங்கள் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைச் சட்டத்தின்படி தேசிய நாட்களிலும், இவை தவிர ஐந்து பண்டிகை நாட்களிலும் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். மே 1 அதில் பின்னர் சேர்ந்தது. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. வேலைக்கு வரச் சொல்லும் நிறுவனம் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தொழிலாளிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலைத் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு அனுப்பி, நிறுவனத்திலும் ஒட்ட வேண்டும். 1919இல் ஒரு நாள் கூலியை இழந்து மக்கள் உருவாக்கிய நாளுக்கு, 39 ஆண்டுகள் கழித்துக் கூலி கிடைத்தது என்று இதைச் சொல்லலாம்.

திருப்பூரில் இச்சட்டம் எப்படி இறங்குகிறது என்பதற்குத் தொழிலின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஏற்றுமதி 1980களில் பெருகியபோது வேலை ஒரே கூரையின் கீழ் நிற்கவில்லை. நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பிரிந்து, பெரும்பகுதி சிறு பவர்டேபிள்களுக்கும் ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கும் போனது. ஷிப்ட் சம்பளக்காரருக்கு விடுமுறைச் சம்பளம் கேட்க ஒரு பதிவேடாவது இருக்கும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குத் தைத்த பீஸுக்குத்தான் காசு என்பது நடைமுறை. சனிக்கிழமை சம்பளம் எண்ணும்போது அந்த வாரத்தில் வந்த ஆகஸ்ட் 15 ஒரு வெற்றிடமாக நிற்கும். ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே மிஷின் ஓடுவதும் உண்டு. அப்போது தைப்பவரே அதை விரும்புவதும் உண்டு.

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. சட்டத்தில் எழுதியிருப்பது கைக்கு வந்து சேர எவ்வளவு பாடு வேண்டும் என்பது இங்குள்ள மூத்த தொழிலாளர்களுக்குத் தெரியும். இன்றும் தேசிய விடுமுறைக்கு மறுநாள் செய்தித்தாள்களில், விடுமுறையும் விடாமல் அறிவிப்பும் கொடுக்காமல் வேலை வாங்கிய நிறுவனங்கள் மீது தொழிலாளர் துறை நடவடிக்கை என்ற சிறு செய்தியை மாணவர்கள் பார்க்கலாம். தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறும் திருப்பூரையும், ஆகஸ்ட் 15 அன்றைய திருப்பூரையும் ஒப்பிட்டால் எது மக்களின் விடுமுறை என்று கேட்க வேண்டியிருக்காது. டாஸ்மாக் மூடியிருப்பதைப் பார்த்துத்தான் இன்று தேசிய விடுமுறை என்று அறிபவர்களும் இருக்கிறார்கள்.

கொடித் துணி

நெடுங்காலம் தேசியக் கொடியைக் கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் செய்யலாம் என்பது விதி. எந்தக் குடிமகனும் எந்த நாளிலும் மரியாதையோடு கொடியேற்றலாம் என்ற நிலையே 2002ஆம் ஆண்டுக் கொடி விதிகளாலும், நவீன் ஜிந்தால் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பாலும்தான் வந்தது. 2021 டிசம்பர் இறுதியில் விதி திருத்தப்பட்டு, இயந்திரத்தில் செய்த கொடிக்கும் பாலியஸ்டர் துணிக்கும் அனுமதி கிடைத்தது. 2022 ஆகஸ்டில் வீடுதோறும் கொடி என்ற இயக்கம் நடந்தபோது கொடிகள் கோடிக்கணக்கில் தேவைப்பட்டன. கைத்தறியால் அதைச் சமாளித்திருக்க முடியாது என்பது உண்மை. கதர் நிறுவனங்கள் எதிர்த்ததிலும் நியாயம் இருந்தது. கொடி மலிவாகி எல்லா வாசலுக்கும் வந்தது. இராட்டையோடு அதற்கு இருந்த கடைசி உறவு அறுந்தது. இதில் எது பெரிது என்பதில் கருத்து வேறுபடலாம். குமரனின் தொழிலை நினைத்துப் பார்ப்பவருக்கு இரண்டாவது சற்றுக் கனமாகவே இருக்கும்.

வீரபாண்டியில் கிராம சபை

தேசிய நாட்களுக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு பயன்பாடும் உண்டு. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வந்தபின் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும் வழக்கம் ஏற்பட்டது. ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். தண்ணீர், சாலை, சாக்கடை பற்றித் தீர்மானம் போடலாம். கொடியேற்றம் காலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். குடியரசு என்ற சொல்லுக்கு நேரடிப் பொருள் தருவது அதற்குப் பின் கூடும் இந்தக் கூட்டம்தான்.

பல்லடம் சாலையில் உள்ள வீரபாண்டி 2011 வரை தனி ஊராட்சி. அந்த ஆண்டு வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் வீரபாண்டி உள்ளிட்ட எட்டு ஊராட்சிகளும் திருப்பூர் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டன. மாநகராட்சியில் கிராம சபை கிடையாது. அதற்கு ஈடான பகுதி சபைகள் தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முதலாகக் கூடியது 2022 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகள் வீரபாண்டியில் தேசிய நாட்களில் கொடி ஏறியது, கூட்டம் கூடவில்லை.

கிராம சபையின் உறுப்பினர்கள் அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே. திருப்பூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளின் லைன் வீடுகளிலும் கம்பெனி விடுதிகளிலும் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெயர் அவர்களது சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது. தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பலரது நிலையும் அதுவே. அவர்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய தீர்மானம் ஆகஸ்ட் 15 அன்று அடுத்த தெருவில் நிறைவேறும்போது, அந்தக் கூட்டத்தில் கையெழுத்திட அவர்களுக்கு இடமில்லை.