செஞ்சிக்கு வராத தபால்

செஞ்சிக்குப் போனால் ராஜகிரி உச்சிவரை ஏறிவிடுங்கள். மூச்சு வாங்கும், பரவாயில்லை. கிருஷ்ணகிரி, சந்திரகிரி, மூன்று மலைகளையும் வளைத்து ஓடும் மதில் எல்லாம் காலடியில் தெரியும். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

இதைப் பிடிக்க ஔரங்கசீப்பின் படை எட்டு வருஷம் மல்லுக்கட்டியது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். வெளியே தளபதி ஜுல்ஃபிகர் கான். 1690-ல் முற்றுகை ஆரம்பம். மறு வருஷக் கடைசியில் ஜுல்ஃபிகரின் அப்பா, வஜீர் அஸத் கான் வந்தார். கூடவே பாதுஷாவின் கடைசிப் பிள்ளை காம் பக்ஷ். ஒரே படை, மூன்று தலைவர்கள். விளங்குமா?

1692 டிசம்பர். சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் மராட்டியக் குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார்கள். முற்றுகையிட்டவர்களே முற்றுகையில் மாட்டிக்கொண்டார்கள். தானியம் நின்றது. தபாலும் நின்றது. பாதுஷா முகாமிலிருந்து ஒரு கடுதாசி இல்லை. வதந்தி மட்டும் தவறாமல் வந்தது. ஔரங்கசீப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். (மனிதர் 1707 வரை இருந்தார்.)

காம் பக்ஷ் பதறினார். அண்ணன் பட்டத்துக்கு வந்தால் தன் தலை தப்புமா? ராஜாராமுக்கு ரகசியத் தூது விட்டார். மதிலுக்கு உள்ளே இருந்த எதிரியோடு பேச அவருக்கு வழி இருந்தது. சொந்த முகாமில் இருந்த வஜீரோடு பேச்சு இல்லை! விஷயம் கசிந்தது. அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து இளவரசரையே கைது செய்தார்கள். சுற்றியிருந்த சாவடிகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மேற்கே தூரத்தில் இருந்த இஸ்மாயில் கான் மக்கா வந்து சேர்வதற்குள் மராட்டியரிடம் சிக்கினார். படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. 1698-ல் ஒருவழியாகக் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை.

குதிரைத் தபால் காலத்துக் கதை, இப்போதுதான் வாக்கி டாக்கி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆளுக்கொரு தினுசில் இருக்கிறது, அதுதான் வம்பு.

2001 செப்டம்பர் 11, நியூயார்க். காலை 9.59-க்குத் தெற்குக் கோபுரம் சரிந்தது. வடக்குக் கோபுரம் விழ இன்னும் 29 நிமிஷம். இதுவும் நிற்காது என்று போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து எச்சரித்தார்கள். அது போலீஸ் ரேடியோவில் போனது. தீயணைப்புப் படைக்கு வேறு அலைவரிசை. வெளியேறச் சொல்லி அவர்களுடைய அதிகாரிகள் கொடுத்த உத்தரவும் மாடிகளில் இருந்த பலருக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர்.

இதற்கு ஒரு பெட்டி உண்டு. நான் பி.காம்., எனக்கே புரிந்ததென்றால் உங்களுக்கும் புரியும். போலீஸ் ரேடியோ ஒன்று, தீயணைப்பு ரேடியோ ஒன்று, ராணுவ ரேடியோ ஒன்று என்று எல்லாவற்றையும் பெட்டியில் செருகிவிடுவார்கள். ஒன்றின் ஸ்பீக்கரில் வரும் குரலை, பெட்டி மற்றவற்றின் மைக்கில் ஊட்டும். பேசுவதற்கான பட்டனையும் அதுவே அழுத்திவிடும். யாரும் சொந்த ரேடியோவைத் தூக்கிப் போட வேண்டாம். வரவு செலவு பார்த்தால் லாபம்தான்.

ஆனால் ராணுவம் ரகசியக் குறியீட்டில் பேசும். பெட்டிக்குள் வந்ததும் அது வெறும் குரல். அடுத்த முனையில் சாதாரண போலீஸ் ரேடியோ இருந்தால் ஊரே கேட்கலாம். ஆகவே யாரை யாரோடு இணைப்பது, எப்போது அறுப்பது என்று முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எந்தத் துறை? அங்கே மறுபடியும் செஞ்சிதான்: அப்பா, பிள்ளை, இளவரசர்.

பெட்டி இல்லாத இடத்தில் மனிதரே பெட்டியாக வேண்டியதுதான். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோக்காரர் போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசுவதற்கு அபூர்வமாகக் கிடைத்த அனுமதி. 26-ம் தேதி பூகம்பம், சுனாமி. டெலிபோன்கள் செத்தன. பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திவிட்டு, பிழைத்தவர்கள், காணாமல் போனவர்கள் பற்றிய தகவல்களை இங்கே கேட்டு அங்கே சொல்ல உட்கார்ந்தார்.