சோளகத்துக்கு முந்திய திருவிழா

மாசி முடியும் நேரம் ஒருநாள் விடிய எங்கள் மண்கும்பான் றோட்டால் பஸ்கள் ஒன்றின்பின் ஒன்றாய்ப் போகும். பாய்ச்சுருள், தண்ணீர்க் கலன், மெழுகுதிரிப் பெட்டி எல்லாம் உள்ளே அடைந்திருக்கும். குறிகட்டுவானில் இறங்கிப் படகேறிக் கச்சதீவு அந்தோனியாரிடம் போகிற சனம்.

பதுவை அந்தோனியாரின் நாள் ஜூன் 13. பிறகேன் தபசு காலத்தில், ஒருசந்தி இருக்கிற நாட்களில் திருவிழா? அம்மப்பாவைக் கேட்டேன். "ஆனியில சோளகக் காத்து அடிக்கேக்க அந்தோனியாரே வள்ளம் ஏறமாட்டார்" என்றார். பாலைதீவிலும் தபசு காலத்தில்தான் அவருக்குப் பெருநாள். கடல் படுத்துக் கிடக்கிற மாதம் இது. அதனால்தானோ என்னவோ, சிலுவைப்பாதையில் அழுத அதே மாலை திருச்சொரூப பவனியில் வெடி கொளுத்துகிறார்கள். சைவக்காரனான எனக்கு இதில் குழப்பமில்லை. கந்தசட்டிக்கு விரதமிருந்துகொண்டே சூரன்போர் பார்க்கிற ஆட்கள்தானே நாங்கள்.

கச்சதீவு 285 ஏக்கர். குடியிருப்பில்லை, குடிக்கத் தண்ணீருமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கோயில் கட்டியவர் இராமநாதபுரத்து நம்புதாளைச் சீனிக்குப்பன் படையாச்சி. திருவிழாவை நடத்துவது நெடுந்தீவுப் பங்கு. கட்டியது அந்தக் கரை, கொடியேற்றுவது இந்தக் கரை. 1974 ஒப்பந்தம் தீவை இலங்கைக்குக் கொடுத்தபோதும், இந்திய யாத்திரிகர் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் வரலாம் என்று ஐந்தாம் பிரிவில் எழுதி வைத்தது.

எழுபதுகளின் கடைசியில் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் என்னையும் கூட்டிப் போனது. எனக்கு நினைவில் நிற்பது பூசையல்ல, மணலில் விரித்த சந்தை. அந்தக் கரையிலிருந்து வந்தவர்கள் "சோப்பு இருக்கா" என்றார்கள். நாங்கள் சவர்க்காரத்தை எடுத்து நீட்டினோம். அவர்கள் கைலி என்றது எங்களுக்குச் சாரம். பாம்பன் பக்கத்து ஆச்சி ஒருத்தி பச்சைக்கட்டச் சாரமொன்றை என் இடுப்பில் சுற்றிப் பார்த்து, "வளர்ற புள்ள" என்று மூன்று சவர்க்காரத்துக்குத் தந்தாள். காசு கை மாறவில்லை.

ஒரு மரநிழலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. இப்போது அதை ஒப்புரவு என்கிறார்கள். வள்ளுவரின் ஓர் அதிகாரத் தலைப்பில் வரும் சொல். அங்கே அது ஊருக்கு உதவி வாழ்வது. கச்சதீவுக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

1983க்குப் பிறகு போர் அந்தக் கடலை மூடியது. 2010 தொடக்கம் திருவிழா மறுபடி நடக்கிறது. 2016 டிசம்பரில் புதுக்கோயிலும் திறந்தார்கள். ஆனால் அந்தக் கரைப் படகுகளின் இழுவைமடி இரண்டு கரைக்கும் நடுவில் கிடக்கிறது. வலை கிழிந்தவனின் கோபம் எங்கள் பக்கம், எல்லை தாண்டிச் சிறைப்பட்டவனின் கோபம் அவர்கள் பக்கம். இரண்டும் பொய்யில்லை. அந்தக் கோபத்தில் 2024இல் இராமேஸ்வரத்தார் திருவிழாவைப் புறக்கணித்தார்கள்.

அந்த வருஷம் பக்கத்து வீட்டு அக்கா கட்டிக்கொண்டுபோன சவர்க்காரப் பொதி அவிழாமலே திரும்பி வந்தது. பாவிக்காமல் பெட்டகத்தில் வைத்துவிட்டாள். 2025இல் அவர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பொதியை எடுத்து மணந்து பார்த்தாள். வாசம் கொஞ்சம் போயிருந்தது. மேலே புதிதாய் இரண்டு வைத்துக் கட்டினாள்.