விதி யார் கையில்?

2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காளப்பட்டியில் நண்பன் ஒருவனின் வாடகை வீட்டில் ஐந்து பேர் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிக்கொண்டிருந்தோம். ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி ‘கதவை உடைக்கிறேன்’, ‘மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறேன்’ என்று சொல்வார்கள். நடக்குமா என்று சந்தேகம் வந்தால் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும்.

அன்று ஒரு நண்பனின் பாத்திரம் மயங்கிக் கிடந்தது. இந்த ஆட்டத்தில் உயிர்ப்புள்ளி பூஜ்யமானதும் சாவு வராது. அதற்குப் பிறகு மூன்று தோல்வி சேர வேண்டும். அவனுக்கு ஏற்கெனவே ஒன்று. ஓநாய் வந்து கடித்தது. கதை நடத்தியவன், “இன்னொரு தோல்வி, மொத்தம் ரெண்டு” என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். புத்தகத்தைத் திறந்தேன். மயங்கிக் கிடப்பவனை ஐந்தடிக்குள் இருந்து தாக்கி, அது பட்டுவிட்டால் ‘கிரிட்டிக்கல்’. கிரிட்டிக்கல் என்றால் இரண்டு தோல்வி. மொத்தம் மூன்று. ஆள் காலி.

எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் வந்து வளர்த்த பாத்திரம். “சரி மாப்ள, ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்” என்று சிரித்துவிட்டுப் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

நான் சொன்னது புத்தகப்படி சரி. இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. பிறகு ஏன் உறுத்துகிறது? அந்தக் கேள்வியோடுதான் இந்த ஆட்டத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், அதிகாரிகளின் பயிற்சிக்காக ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். பெயர் கிரீக்ஸ்பீல். வரைபடம், சிறு கட்டைகள், பகடை, இழப்பைக் கணக்கிட அட்டவணைகள். இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர். காலப்போக்கில் விதிகள் பெருகின, ஆட்டம் நகராமல் நின்றது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி அட்டவணைகளைத் தூக்கிப் போட்டார். போர் தெரிந்த நடுவர் சொல்வதே தீர்ப்பு என்றார். புத்தகமா, ஆளா என்ற சண்டை அப்போதே வந்துவிட்டது.

1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நடத்திய பிரவுன்ஸ்டைன் என்ற ஆட்டத்தில், படைகளை நகர்த்தி வந்தவர்களுக்குத் தனித்தனி ஆட்களின் வேடம் கிடைத்தது. அந்த வட்டத்திலிருந்து வந்த டேவ் ஆர்னெசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். ஒரு பெட்டி, மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு 1000 பிரதிகள். ஓட்டைகள் ஏராளம். மிச்சத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்ற தொனியில்தான் அது முடிந்தது. ஆனால் ஆடியவர்கள் விடவில்லை, கேள்விகளாகக் கேட்டார்கள். 1979இல் டிராகன் இதழில் விதிச் சந்தேகங்களுக்கென்றே ‘சேஜ் அட்வைஸ்’ என்ற பகுதி தொடங்கியது. முதலில் பதில் எழுதியவர் ஜீன் வெல்ஸ். ஊருக்கு ஊர் வேறு மாதிரி ஆடக்கூடாது என்று அந்தக் காலத்தில் கைகாக்ஸே பேச ஆரம்பித்திருந்தார்.

பாத்திரம் உருவாக்குவதிலும் இதே இழுபறி. 1974இல் மூன்று பகடையை ஆறு முறை உருட்ட வேண்டும். வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், வசீகரம் எல்லாம் விழுந்த எண்படி. 18 விழ 216இல் ஒரு வாய்ப்பு. வலிமை 5 விழுந்துவிட்டால் விழுந்ததுதான், ஜாதகக் கட்டம் மாதிரி. 1979 புத்தகம் நான்கு பகடை உருட்டி மோசமான ஒன்றைக் கழிக்கலாம் என்றது. 2014 பதிப்பில் பகடையே வேண்டாம் என்றால் 27 புள்ளிகளை நம் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம். தமிழில் தலையெழுத்துக்கும் சட்டத்துக்கும் விதி என்ற ஒரே சொல்தான். நாற்பது வருடத்தில் இந்த ஆட்டம் முதல் விதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டாவது விதிதான் தடித்துக்கொண்டே போனது.

இதையெல்லாம் படிக்கும்போது அன்னூர் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. சாக்பீஸில் கட்டம் போட்டு அம்மாயியோடு தாயம் ஆடுவோம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. மொத்தம் 16 விதமாக விழலாம், அதில் தாயம் இரண்டு மட்டும். தாயம் விழாமல் காய் இறங்காது. எட்டு தடவை உருட்டினால் சராசரியாக ஒரு தடவைதான் விழும். சின்னப் பிள்ளைக்கு எட்டு தடவை ஒரு யுகம். அதனால் அம்மாயி ஒரு விதி வைத்திருந்தார்: “சின்னவனுக்கு அஞ்சு விழுந்தாலும் எறங்கலாம்.” ஐந்தும் 16இல் இரண்டு, ஆக வாய்ப்பு இரட்டிப்பு. அம்மாயிக்கு இந்தக் கணக்கு தெரியாது. பையன் அழுதுகொண்டே எழுந்து போய்விடுவான் என்பது தெரியும்.

ஆனால் ஆட்டம் நடுவில் விதியை மாற்ற விடமாட்டார். “அப்படீன்னு நீங்க முன்னாடி சொல்லலீங்களே” என்று மல்லுக்கு நின்றால், “உருட்டறதுக்கு முன்னால பேசோணும் சாமி. உருட்டுன பொறவு பேசுனா அது அழுகுணி” என்பார்.

உருட்டிய பிறகு பேசியே தீர வேண்டிய இடமும் உண்டு. 1912இல் பாரதி பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது எடுத்துக்கொண்டது அப்படி ஒரு விதிக் கேள்வி இருக்கும் கதையைத்தான். வியாச பாரதத்தில் சூது தொடங்கும்போதே ஒரு சிக்கல் வருகிறது. பந்தயம் துரியோதனனுடையது, உருட்டுவது சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையல்ல என்று தருமன் சொல்கிறான், சொல்லிவிட்டு ஆடவும் செய்கிறான். எல்லாம் போன பிறகு, அழைக்க வந்தவனிடம் திரௌபதி கேட்டு அனுப்புகிறாள்: முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பந்தயம் வைக்க உரிமை ஏது? பீஷ்மர் தருமம் நுட்பமானது என்கிறார். விகர்ணன் எழுந்து இது செல்லாது என்கிறான். அவன் பேச்சு எடுபடவில்லை.

அந்தச் சபையில் நடுவர் கருணையை நம்பிப் பயனில்லை. அங்கே ஒரு தெளிவான விதி இருந்திருந்தால் அவளுக்குக் கையில் பிடிக்க ஏதோ ஒன்று இருந்திருக்கும். அதனால் புத்தகத்தைத் தூக்கிப் போடு, மனசாட்சிப்படி தீர்ப்பு சொல் என்று என்னால் சுலபமாகச் சொல்ல முடியவில்லை. நடுவர் எப்போதும் அம்மாயியாக இருப்பதில்லை.

ஆனால் காளப்பட்டியில் நான் யாருக்காகப் புத்தகத்தைத் திறந்தேன்? விழுந்து கிடந்தவனுக்காக இல்லை. எனக்குத் தெரியும் என்று காட்டத்தான். பக்க எண் உட்பட எனக்கு ஞாபகம் இருந்தது. அவன் முகம் என்ன ஆனது என்று நான் பார்க்கவே இல்லை.

இப்போது எங்கள் மேசையில் இரண்டு விதிகள் புதிதாக உண்டு. சந்தேகம் வந்தால் கதை நடத்துபவர் சொல்வதே தீர்ப்பு. புத்தகம் ஆட்டம் முடிந்த பிறகு. பாத்திரம் சாகிற இடம் வந்தால், ஆடுகிறவனைக் கேட்காமல் யாரும் வாய் திறக்கக்கூடாது. இரண்டும் உருட்டுவதற்கு முன்னால் பேசி முடிவு செய்தவை.

போன வாரம் அவனுக்கு இதை அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: “மொதல்ல அந்த ஓநாய்க்கு ஒரு வழி சொல்லு மாப்ள.” ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.