தோளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி

கைக்கு எட்டவில்லை. அதுதான் பிரச்னை.

1997, அக்டோபர் 12. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தில் மான்டெரே என்கிற கடற்கரை ஊர். அங்குள்ள விமான நிலையத்தில் ஒரு குட்டி விமானத்துக்குள் உட்கார்ந்தபடி, தன் இடது தோளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார் ஒரு மனிதர். வயது ஐம்பத்து மூன்று. பெட்ரோல் டேங்கை மாற்றிவிடும் கைப்பிடி அங்கேதான் இருக்கிறது. முழுக்க உடம்பைத் திருப்பினால் மட்டுமே பிடிக்க முடிகிறது. பக்கத்தில் நின்ற மெக்கானிக் ஒரு வைஸ்கிரிப்பை எடுத்துக் கொடுத்தார். அதைக் கைப்பிடியில் கவ்வ வைத்து நீளமாக்கிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை. மாட்டிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை.

போகட்டும், பறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த மனிதர் கிளம்பிவிட்டார். ஐந்து பன்னிரண்டுக்குப் புறப்பட்டார். ஐந்து இருபத்தெட்டுக்குக் கடலில் விழுந்தார்.

அவர் பெயர் ஜான் டென்வர். 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' பாடிய அதே டென்வர். மறுநாள் உலகம் முழுக்கப் பேப்பர்களில் அவருடைய பாட்டைப் பற்றித்தான் எழுதினார்கள். நமக்கு இங்கே பாட்டு முக்கியமில்லை. அந்தக் கைப்பிடிதான் முக்கியம். அதை அங்கே கொண்டுபோய் வைத்தது யார்?

எந்த விமானக் கம்பெனியும் இல்லை. அந்த விமானத்தைக் கட்டியது ஒரு தனி மனிதர். வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்கி, சொந்தக் கையால், தன் ஓய்வு நேரத்தில் கட்டியது. அமெரிக்காவில் இது சட்டப்படி ஒரு பொழுதுபோக்கு. நம்மூரில் மொட்டை மாடியில் தொட்டி வைத்து ரோஜா வளர்க்கிற மாதிரி, அங்கே கார் ஷெட்டில் ஏரோப்ளேன் வளர்க்கிறார்கள்.

படித்ததும் எனக்கு என் வீடுதான் ஞாபகத்துக்கு வந்தது. வீடு கட்டியபோது படுக்கையறை ஸ்விட்ச் போர்டைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார் எலெக்ட்ரீஷியன். இருட்டில் உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தி, அப்புறம் தேட வேண்டும். கேட்டதற்கு, வயர் மிச்சம் சார் என்றார். ஆகாயத்தில் அப்படி ஒரு ஸ்விட்ச் போர்டு என்றால் என்ன ஆகும்?

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள இன்னொரு கதைக்குப் போய்விட்டு வரவேண்டும். அது பிரான்ஸில் நடந்தது. டென்வர் பிறப்பதற்கும் முந்தி.

ஆன்ரி மின்யே என்று ஒருவர். 1893-ல் பிறந்தவர். ரேடியோதான் தொழில். ஆசையெல்லாம் ஆகாயத்தில். முறையாக இன்ஜினீயரிங் படித்து விமானம் வடிவமைத்தவர் கிடையாது. வழக்கமான விமானத்தை ஓட்டுவதும் அவருக்குச் சுலபமாக வரவில்லை. கையால் ஒன்று, காலால் ஒன்று என்று இரண்டையும் ஒத்திசைத்துத் திருப்புவது பெரும் தொல்லையாக இருந்தது. நம்மைப் போன்றவர்கள் இந்த இடத்தில் விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்போம். மின்யே என்ன நினைத்தார் தெரியுமா? தப்பு என்னிடம் இல்லை, விமானத்தில்தான் இருக்கிறது.

ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார். பல தோல்விகளுக்கு அப்புறம் பதினான்காவது வடிவம் உருப்பட்டது. 1933 செப்டம்பரில் பறந்தது. முன்னால் ஒரு இறக்கை, அதற்குக் கொஞ்சம் பின்னால் இன்னொரு இறக்கை. 17 குதிரைசக்தி கொண்ட ஒரு சின்ன இன்ஜின். காலுக்கு வேலையே இல்லை. ஒரே ஒரு குச்சி. இழுத்தால் முன் இறக்கை நிமிரும், விமானம் ஏறும். பக்கவாட்டில் தள்ளினால் வாலில் இருக்கிற சுக்கான் திரும்பும். அவ்வளவுதான் மொத்த சூத்திரமும். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'வானத்துப் பேன்' என்றார்கள். இங்கிலீஷ்காரர்களுக்கு அது 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' ஆனது. பேனோ, தெள்ளோ, பெயரில் ஒரு செல்லம் இருந்தது.

1934-ல் ஒரு புத்தகம் போட்டார் மின்யே. கட்டுவது எப்படி, ஓட்டுவது எப்படி, எல்லாம் அதில் இருந்தது. தச்சு வேலை கொஞ்சம் தெரிந்தால் போதும், நீயும் பறக்கலாம் என்பது அவர் கட்சி. பற்றிக்கொண்டது. அடுத்த வருடமே பிரிட்டனில் மொழிபெயர்ப்பு வந்தது. வந்த வேகத்தில் ஆயிரக்கணக்கில் விற்றது. 1935 ஆகஸ்டில் மின்யே தானே தன் பேனில் ஏறி, இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டி பிரிட்டனுக்கு வந்து இறங்கினார். கேட்க வேண்டுமா? முன்னறை, கொட்டகை, கோழிக்கூண்டுக்குப் பக்கத்து சந்து என்று கிடைத்த இடத்திலெல்லாம் இறக்கைகள் முளைத்தன. எத்தனையோ பேர் கட்டி முடித்த பிறகுதான் கதவு சின்னது என்று கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆதாரம் கேட்காதீர்கள். மனித இயல்பு.

விமானம் என்றால் லார்டுகளும் ராணுவமும் என்றிருந்த காலம் அது. மாதச் சம்பளக்காரன் பறக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அவர் கிட்டத்தட்ட தீர்க்கதரிசிதான்.

அப்புறம்தான் விழ ஆரம்பித்தன.

ஒரே மாதிரி விழுந்தன. அதுதான் விசித்திரம். லேசாக மூக்கு கவிழும். விமானி நிமிர்த்தப் பார்ப்பார். நிமிராது. இன்னும் கவிழும். தலைகீழாகப் போய் மண்ணில் குத்தும். 1936 ஏப்ரலிலும் மே மாதத்திலும் பிரிட்டனில் அடுத்தடுத்து இறந்துபோனவர்கள் விமானப்படை அதிகாரிகள். கத்துக்குட்டிகள் மேல் பழி போட இனி வழியில்லை.

முழு விமானத்தையே தூக்கிக்கொண்டுபோய் ராட்சதக் காற்றுக் குகைக்குள் வைத்தார்கள். பிரிட்டனில் ஃபார்ன்பரோ, பிரான்ஸில் ஷாலே மூதோன். இரண்டு இடத்திலும் குட்டு வெளிப்பட்டது.

முன் இறக்கையின் பின் ஓரமும், பின் இறக்கையின் முன் ஓரமும் ரொம்ப நெருக்கம். இடையில் ஒரு சந்து. விமானி குச்சியை இழுக்கும்போது முன் இறக்கை நிமிர்கிறது. அதாவது, அதன் பின் ஓரம் கீழே இறங்குகிறது. சந்து குறுகுகிறது. குறுகிய சந்தில் காற்று வேகமாகப் பாய்ந்து பின் இறக்கைக்குக் கூடுதல் தூக்குசக்தி கொடுக்கிறது. பின் இறக்கை தூக்கினால் வால் எழும்பும். வால் எழும்பினால் மூக்கு கவிழும். ஆக, ஏற்கெனவே ஓரளவுக்கு மேல் கவிழ்ந்துவிட்ட விமானத்தில் குச்சியை இழுப்பது, குழியில் விழுந்தவன் தலையில் நாமே மண் தள்ளுகிற வேலை. நல்ல விமானி, பழகிய கை, பிழைப்பதற்காக என்ன செய்யுமோ அதுவே கொன்றது.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. செத்தவர்களில் பலர் சோம்பேறித்தனமாகக் கட்டியவர்கள் அல்ல. புத்தகத்தில் என்ன அளவு போட்டிருந்ததோ அந்த அளவில் அறுத்து, அதே இடத்தில் ஆணி அடித்தவர்கள். தப்பு வரைபடத்தில் இருந்தது. எவ்வளவு ஒழுங்காகக் கட்டினார்களோ, அவ்வளவு ஒழுங்காக அந்தத் தப்பையும் சேர்த்துக் கட்டினார்கள்.

பிரிட்டனில் அனுமதி நின்றுபோனது. மின்யே சந்தின் அளவை மாற்றினார், அமைப்பைத் திருத்தினார், வேறு வடிவங்கள் போட்டார். திருத்திய பிறகு அது ஆள் கொல்லி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வம்சத்து விமானங்கள் பிரான்ஸில் பிற்பாடும் பறந்தன. ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். 1965-ல் காலமானார்.

இனி அமெரிக்கா.

அங்கேயும் இந்தப் பித்து முப்பதுகளிலேயே உண்டு. மின்னசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் ஃபோர்டு கார் இன்ஜினை விமானத்தில் மாட்டி ஓட்டி, வரைபடத்தைப் பத்திரிகையில் வெளியிட்டார். ஆனால் அது ஓர் இயக்கமாக மாறியது பால் போபரெஸ்னி காலத்தில். 1953-ல் விஸ்கான்சினில் அவர் ஆரம்பித்த சங்கம்தான் சோதனை விமானச் சங்கம். இரண்டு வருடம் கழித்து ஒரு பத்திரிகையில், 800 டாலருக்குள் விமானம் கட்டலாம் என்று தொடர் எழுதினார். அமெரிக்காவே கார் ஷெட்டுக்குள் புகுந்துகொண்டது.

அரசாங்கம் தடுக்கவில்லை. ஒரே ஒரு முக்கிய நிபந்தனை. பாதிக்கு மேற்பட்ட வேலையை நீயே செய்திருக்க வேண்டும், அதுவும் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ. இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். ஆரம்பத்தில் இத்தனை மணி நேரம் ஜனங்கள் இல்லாத இடத்தில் பறந்து காட்ட வேண்டும். விமானத்தின் மேல் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று எழுத வேண்டும். கட்டியவருக்கு ஒரு சான்றிதழும் உண்டு. வருடா வருடம் நடக்கும் பரிசோதனையை அவரே செய்து கையெழுத்துப் போடலாம். அவரைவிட அந்த விமானத்தை அறிந்தவர் யார்? நியாயமான ஏற்பாடு. ஆனால் விமானத்தை விற்றால் சான்றிதழ் கூடப் போகாது. அந்தக் காலத்தில் வாங்கியவர் லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கைத் தேட வேண்டியிருந்தது. கட்டியவர் மண்டைக்குள் இருக்கும் விவரங்களை எந்தப் பத்திரத்திலும் எழுதிக் கொடுக்க முடியாதே.

எழுபதுகளில் பர்ட் ரூட்டன் வந்தார். மரத்துக்கும் துணிக்கும் விடை கொடுத்தார். ஸ்பான்ஜ் மாதிரி இலேசான ஃபோம் கட்டியைச் சூடான கம்பியால் அறுத்து இறக்கை வடிவத்துக்குக் கொண்டுவருவது. அதன் மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி எபாக்ஸி பூசுவது. காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். அச்சு வேண்டாம், ஆலை வேண்டாம். 1979-ல் அவர் பறக்கவிட்ட லாங் ஈஸீ என்கிற இரண்டு பேர் விமானம், சின்ன இறக்கை மூக்கில், பெரிய இறக்கை பின்னால், புரொபெல்லர் பிருஷ்டத்தில் என்று தலைகீழாக இருக்கும். அழகு. வேகம். சிக்கனம். நிறைய பேர் கட்டினார்கள்.

ரூட்டனின் வரைபடத்தில் டேங்க் மாற்றும் கைப்பிடி எங்கே தெரியுமா? விமானியின் இரண்டு தொடைகளுக்கு நடுவில். குனிந்தால் கண்ணில் படும். கை வைத்தால் கிடைக்கும்.

டென்வரின் லாங் ஈஸீயைக் கட்டியவர் அதை மாற்றினார். முட்டாள்தனத்தால் இல்லை. பெட்ரோல் குழாய் தன் கால்களுக்கிடையே, தான் உட்காரும் இடத்தில் ஓடுவதை அவர் விரும்பவில்லை. கசிந்தால்? தீப்பிடித்தால்? வால்வை இன்ஜின் பக்கமே வைத்துக்கொண்டு, கைப்பிடியைத் தன் இடது தோளுக்குப் பின்னால் சுவரில் பொருத்தினார். பாதுகாப்புக்காகச் செய்த காரியம். சட்டமும் குறுக்கே வரவில்லை. வரைபடத்தை மீறக்கூடாது என்று ஒரு விதியும் கிடையாது. அவரவர் விமானம், அவரவர் இஷ்டம்.

மின்யேயின் பேனைக் கட்டியவர்கள் வரைபடத்தை நம்பிக் கெட்டார்கள். இங்கே வரைபடம் சரியாக இருந்தது.

டென்வர் சாதாரண விமானி இல்லை. அப்பா அமெரிக்க விமானப்படையில் பெரிய ஆள். மகன் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஆனால் இந்த விமானத்தை வாங்கியது சமீபத்தில்தான், அரை மணி நேரம் ஓட்டிப் பழகியது முந்தின நாள்தான். மருத்துவச் சான்றிதழும் அப்போது செல்லாத நிலையில் இருந்தது. குடித்துவிட்டுக் கார் ஓட்டிய பழைய வழக்குகளின் விளைவு. அன்றைக்கு அவர் உடம்பில் ஒரு சொட்டு மது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிகள் பின் சீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அதில் அளவுக் கோடுகளும் இல்லை. மெக்கானிக் எட்டிப் பார்த்துச் சொன்னார்: வலது டேங்கில் அரைக்கும் குறைவு, இடதில் காலுக்கும் குறைவு. தோள் வழியாகப் பார்த்துக்கொள்ள ஒரு குட்டிக் கண்ணாடியையும் கொடுத்தார். போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, வேண்டாம், ஒரு மணி நேரம்தானே பறக்கப்போகிறேன் என்றுவிட்டார் டென்வர்.

மூன்று முறை ஓடுபாதையைத் தொட்டுத் தொட்டு எழும்பினார். பிறகு கடலோரமாகத் திரும்பினார். சில நூறு அடி உயரம். இன்ஜின் சத்தம் மாறியதைக் கரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். விமானம் சட்டென்று வலது பக்கம் சாய்ந்து, மூக்கு கீழே போய், தண்ணீரில் மோதியது.

விசாரணை அதிகாரிகள் பிற்பாடு அதே மாதிரி ஒரு விமானத்தில் தாங்களே உட்கார்ந்து பார்த்தார்கள். கைப்பிடியைப் பிடிக்க வேண்டுமென்றால் ஓட்டும் குச்சியிலிருந்து கையை எடுக்க வேண்டும். தோள்பட்டி பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். இடுப்புக்கு மேல் உடம்பை முழுசாக இடது பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் கை எட்டும். அப்படித் திருப்புகிறபோதெல்லாம், உடம்பு நிலைகொள்வதற்காக வலது கால் தானாக முன்னால் ஊன்றியது. முன்னால் இருப்பது வலது பெடல். அதை மிதித்தால் விமானம் வலது பக்கம் போகும்.

அறிக்கை 1999 ஜனவரியில் வந்தது. பெட்ரோல் போடாமல் கிளம்பியது டென்வரின் தவறு என்றது. கவனம் சிதறி, தன்னை அறியாமல் பெடலை மிதித்ததும் அவர்தான் என்றது. பழக்கம் போதாது என்றது. எட்டாத இடத்தில், எந்தப் பக்கம் திருப்பினால் எது என்று ஓர் எழுத்துகூடக் குறிக்காமல் கைப்பிடியை வைத்த கட்டுநரின் முடிவையும் காரணங்களோடு சேர்த்து எழுதியது.

கடலுக்கு அடியிலிருந்து பாகங்களை எடுத்தபோது அந்த வால்வும் கிடைத்தது. முழுசாகத் திருப்பப்பட்டிருக்கவில்லை. பாதியில் நின்றிருந்தது.