ஒரு படத்துக்கு எத்தனை முகவரி?

திருகோணமலை உள்துறைமுகத்தை அகலமாக எடுத்த ஒரு படம். பெரிய திரையில் கப்பல், கரை, பின்னால கிடக்கிற மலை எல்லாம் தெரியும். போன்ல கப்பல் வெறும் புள்ளி. ஆனா போன் இறக்கினது என்னவோ முழுப் படத்தையும்தான். ரீலோட் போட்ட டேட்டா கரைஞ்சதுதான் மிச்சம்.

இந்தச் சிக்கலுக்கு வயசு அதிகம். 1993 பெப்ரவரியில் மார்க் ஆண்ட்ரீசன் இமேஜ் டேக்கை முன்மொழிந்தபோது, ஒரு படத்துக்கு ஒரு முகவரிதான். 2010இல் ஐபோன் 4 இரட்டிப்பு அடர்த்தித் திரையோடு வந்தது. அதே வருஷம் ஈதன் மார்கோட், திரைக்கேற்ப வளையும் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பைப் பற்றி எழுதினார். பக்கம் வளைந்தது, படம் வளையவில்லை.

ஜாவாஸ்கிரிப்டால் சமாளிக்கப் பார்த்தார்கள். சரிவரவில்லை. ஏனெண்டா, பிரவுசர் எஞ்சினுக்குள்ள ப்ரீலோட் ஸ்கேனர் எண்டு ஒன்று இருக்கு. ஸ்கிரிப்ட் வரும்வரை முதன்மைப் பார்சர் காத்திருக்க, இது முன்னாலேயே ஓடி, கண்ட பட முகவரியை எல்லாம் இறக்கத் தொடங்கிவிடும். ஸ்கிரிப்ட் முழிக்கும்போது பெரிய படம் பாதி வழியில்.

ஆகவே தெரிவு எச்டிஎம்எல்லுக்குள்ளேயே இருக்கவேணும். 2012இல் வலை உருவாக்குநர்கள் டபிள்யூ3சியில் குழுவாகக் கூடி 'பிக்சர்' எலிமென்டைக் கேட்டார்கள். அந்த மே மாதம் ஆப்பிளின் எட்வர்ட் ஓ'கானர் 'சோர்ஸ்செட்'டை முன்வைத்தார். அது சில நாளிலேயே விதிநூலில் ஏறியது. குழு கொதித்தது. இழுபறிக்குப் பிறகு இரண்டுமே நிலைத்தன. 2014இல் யோவ் வைஸ் பொதுமக்களிடம் நிதி சேர்த்து பிளிங்க் எஞ்சினுக்கான நிரலை எழுதினார். அந்த ஒக்டோபரில் குரோம் 38 அதோடு வெளிவந்தது. பயர்பொக்ஸ் 2015 மேயில் சேர்ந்தது.

சரி, எஞ்சின் இதை எப்படி வாசிக்குது? காற்புள்ளியில வெட்டினால் போதும் எண்டு தோணும். ஆனா முகவரிக்குள்ளேயே காற்புள்ளி வரலாம். அதனால முதலில் அடுத்த இடைவெளி வரை உள்ளதை முகவரியாக எடுக்கும். அதன் கடைசியில் காற்புள்ளி ஒட்டியிருந்தால் கழற்றிவிட்டு, அந்தப் படம் அத்தோடு முடிஞ்சுது எண்டு கொள்ளும். இல்லாட்டி, பின்னால வரும் '800டபிள்யூ' போன்ற அகலக் குறிப்பை வாசிக்கும். '800பிஎக்ஸ்' எண்டு எழுதினீங்களோ, அந்தப் படத்தையே தெரிவிலிருந்து விட்டுவிடும். பக்கத்தில ஒரு அடையாளமும் தெரியாது.

பிறகு கணக்கு. 360 அலகு அகலப் போன், இரட்டிப்பு அடர்த்தி எண்டால் தேவை 720 பிக்சல். 480, 800, 1600 இருந்தால் 800தான் பொருத்தம். 1600ஓடு ஒப்பிட்டால் பிக்சல் நாலில் ஒரு பங்கு. ஸ்டைல்ஷீட் வருமுன்பே இந்தக் கணக்கு நடக்கிறதால்தான் 'சைசஸ்' தேவை. அதை எழுதாட்டி, படம் திரை முழுக்க விரியும் எண்டு எஞ்சின் எடுத்துக்கொள்ளும்.

2015 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 4.4 முதல் சோர்ஸ்செட் தானாகவே சேர்கிறது. ஆனா கப்பல் புள்ளியாகாமல் இருக்க, போனுக்கெண்டு வெட்டிய படத்தை பிக்சரில் கொடுக்கவேணும். எதை வெட்டுவது எண்டு எந்த எஞ்சினுக்கும் தெரியாது. அது துறைமுகத்தைப் பார்த்த ஆளுக்குத்தான் தெரியும்.