டெக் வந்த காலம்

1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கியது. அந்தக் காலத்தில்தான் மத்திய கிழக்கில் உழைத்த நம்மவர்கள் வீடியோ டெக்கும் கொண்டுவந்தார்கள்.

அன்டெனா வயரைக் கழற்றி டெக்கில் செருகுவோம். டெக்கிலிருந்து இன்னொரு வயர் டீவிக்கு. கெசட்டை ஓடவிட்டு, படம் தெளியும்வரை வெறும் சேனலொன்றைத் திருகுவோம். பிறகு மஞ்சள் வயரில் படமும் வெள்ளை வயரில் சத்தமும் வந்தன.

படம் பார்த்த நாம், கலியாணங்களையும் கெசட்டில் பதிந்து வைத்தோம். 2004 சுனாமியில் கிண்ணியா இழந்தவர்களின் முகமும் குரலும் அவற்றில் இருக்கலாம். கடைசிவரை டெக் செய்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. கெசட்டுகளிலோ பூஞ்சணம் பிடிக்கிறது.

ஓடும் டெக் ஒன்று கிடைத்தால், அதே வயர்களை வீடியோ கெப்சர் கருவி வழியாகக் கம்பியூட்டரில் கொடுத்துப் பதிந்துவிடலாம். அலுமாரியைத் திறந்து பாருங்கள் உறவுகளே. புத்தகத்தில் இல்லாத நம் ஊர் வரலாறு அங்கே கிடக்கிறது.