பழைய வண்டியும் பாடபேதமும்

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் நம் நினைவுக்கு வருகின்றன. அரசர்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் அவை நிரம்பச் சொல்லுகின்றன. ஆனால், சென்ற நூற்றாண்டில் நம் மக்கள் எவ்வாறு தொழில் செய்தார்கள், எதன்மீதேறி ஊருக்கு ஊர் சென்றார்கள் என்பதை அறிய வேண்டுமாயின், அவர்கள் கையாண்ட இயந்திரங்களையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அத்தகைய இயந்திரம் ஒன்றை நான் விலைக்கு வாங்கிப் பழுது தீர்த்து ஓடச் செய்தேன். அதன் வரலாற்றையும், அவ்வேலையின் நடுவே எழுந்த ஒரு வினாவையும் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வாங்கியது 1968ஆம் ஆண்டில் பதிவான ராயல் என்பீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள். என்பீல்டு என்பது இலண்டனை அடுத்த ஓர் ஊர்; அங்கே அரசாங்கத்தின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அத்தொழிற்சாலைக்கு நுண்ணிய உறுப்புகளைச் செய்து கொடுத்த ரெட்டிச் நகரத்துச் சைக்கிள் கம்பெனி, அவ்வூரின் பெயரையே தன் வண்டிகளுக்குச் சூட்டிக்கொண்டது. பீரங்கியைத் தன் சின்னமாக்கியது. 1901இல் அது முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்னும் பெயர் 1932இல் தோன்றியது. நாம் இன்று பழைய புல்லட் என்று சொல்லும் வடிவம், இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1949இல் விற்பனைக்கு வந்தது.

அவ்வடிவம் தமிழகத்திற்கு வந்த கதை தனிச்சிறப்புடையது. விடுதலை பெற்ற இந்தியாவின் இராணுவத்திற்குக் கரடுமுரடான எல்லைப் பாதைகளில் ஓடத்தக்க வண்டி தேவைப்பட்டது. அதற்குப் புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1955இல் ரெட்டிச் கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. பாடல் பெற்ற தலமாகிய திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். பின்னர், உறுப்புகளை வார்க்கவும் கடையவும் வேண்டிய கருவிகளே கப்பலேறி வந்தன. நம் தொழிலாளர் அக்கலையை முழுவதும் கற்றுக்கொண்டனர்.

அதன்பின் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். 1967இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் எஞ்சியிருந்த உற்பத்தியும் நின்றது. தாய் மறைந்தது, சேய் திருவொற்றியூரில் வாழ்ந்தது. 1977இல் அங்கிருந்தே புல்லட் வண்டிகள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய எஞ்சின், 2010ஆம் ஆண்டையொட்டி நின்றுபோகும் வரையில், அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதும் மாறாமல் வந்துகொண்டிருந்தது.

இனி என் வண்டிக்கு வருவோம். பழைய வண்டி வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டியது பளபளப்பையன்று, எண்களை. எஞ்சினில் ஓர் எண்ணும் சட்டகத்தில் ஓர் எண்ணும் வெட்டப்பட்டிருக்கும். அவ்விரண்டும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். என் வண்டியில் அவை ஒத்திருந்தன. புத்தகத்தில் ‘மதராஸ் மாநிலம்’ என்றே அச்சாகியிருந்தது. தமிழ்நாடு என்னும் பெயர் மாற்றம் 1969 ஜனவரி 14இல் நடைமுறைக்கு வந்ததை அத்தாள் தன் வழியில் எனக்கு நினைவூட்டிற்று.

எஞ்சினைப் பிரித்தோம். சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பைக் கண்டு உயரத்தால் பெருக்கினால் 346 கன சென்டிமீட்டர் வரும். ‘350’ என்று வழங்குவது அதனையே. பிஸ்டனின் தலையில் 040 என்று பொறித்திருந்தது. அதாவது, அது முதலளவைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரியது. பிஸ்டன் உராய்ந்து சிலிண்டர் தேயுந்தோறும் பட்டறையில் இருபது இருபது பங்காகக் கடைந்து பெரிதாக்குவது வழக்கம். ஆகவே இந்த எஞ்சின் ஏற்கெனவே இருமுறை கடையப்பட்டது என்று அறிந்தோம். மரத்தின் வயதை வளையங்கள் சொல்வதுபோல, வண்டியின் உழைப்பை அந்தச் சிற்றெண் சொல்லிற்று.

கியர் மிதி வலக்காலுக்கும் பிரேக் மிதி இடக்காலுக்கும் அமைந்திருந்தன. அது பழைய ஆங்கில வழக்கு. முகப்பில் பெரிய விளக்கின் இருபுறமும் புலிக்கண் போன்ற இரு சிறு விளக்குகள் இருந்தன. ஆனால் கார்புரேட்டர் பிற்காலத்தது. இருக்கையும் புகைக்குழாயும் அதற்கும் பிற்பட்டவை. பெட்ரோல் தொட்டியின் மேற்பூச்சை மெல்லச் சுரண்டியபோது, அடியில் கையால் இழுத்த பொன்னிறக் கோடு தெரிந்தது. திருவொற்றியூரில் தூரிகை பிடித்த யாரோ ஒரு தொழிலாளியின் கைவண்ணம் அது.

இங்கேதான் வினா எழுந்தது. வடிவம் பல்லாண்டு மாறாமையால், பின்னாளில் செய்த உறுப்புகள் பல முன்னாளைய வண்டியிலும் பொருந்துகின்றன. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய இரும்புக் கடைகளிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் தேடினால், வேண்டிய உறுப்பு ஏறக்குறைய எதுவும் கிடைத்துவிடும். செப்பனிடுவோர்க்கு இது பெரும் வசதி. ஆனால் எதுவும் பொருந்தும் என்றால், எந்தப் பொய்யையும் பொருத்தலாம் அன்றோ? பழைய வண்டிகளை வாங்கி விற்பவர் ஒருவர் என்னிடம், “முகப்பை மாற்றி, இராணுவப் பச்சை அடித்து, 1955ஆம் ஆண்டு வண்டி என்று சொல்லுங்கள், சார், இரட்டிப்பு விலை போகும்” என்றார். அவர் சொன்னது செய்யக் கூடியதே. ஆனால் அவ்வாறு செய்திருந்தால், 1968இல் திருவொற்றியூரில் பிறந்த உண்மை வண்டி ஒன்று அழிந்து, எக்காலத்திலும் இருந்திராத வண்டி ஒன்று தோன்றியிருக்கும்.

இவ்விடத்தில் எனக்குத் துணை நின்றது நம் பதிப்பாசிரியர்கள் வகுத்த நெறி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏடுகள் செல்லரித்திருந்தன, ஒன்றுக்கொன்று மாறுபட்டன. சிதைந்து போன இடத்தைத் தம் சொல்லால் நிரப்பி மறைக்கும் புலமை அவருக்கு இல்லாமற் போகவில்லை. ஆயினும் அவர் அதைச் செய்யவில்லை. கிடைத்த பாடபேதங்களைக் குறித்தார். கிடைக்காத இடங்களைக் கிடைக்காதனவாகவே விட்டார். ஏட்டுக்குத் தகுந்த நேர்மை இரும்புக்கும் தகும் என்றே நான் கருதுகிறேன்.

நெறி இருந்தும், அதனைச் செயற்படுத்துவதில் ஓர் இடம் கடினமாக இருந்தது. வண்டியை எனக்கு விற்றவர் மாயூரத்தில் வாழ்ந்த மூதாட்டியார். அவருடைய கணவர் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து காலமானவர். 1977 நவம்பர் 12இல் நாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்த பெரும்புயலுக்கு மறுநாள், ஆற்றங்கரைகளைப் பார்வையிட அவர் இவ்வண்டியில் புறப்பட்டார். சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. ஒரு புளிய மரத்தில் மோதி வண்டி சாய்ந்தது. பெட்ரோல் தொட்டியின் இடப்பக்கத்தில் உள்ளங்கை அளவு பள்ளம் விழுந்தது. அவர் எழுந்து, வண்டியை நிமிர்த்தி, மேலே சென்றார். அந்த அம்மையார் பணத்தை எண்ணிப் பாராமலே வாங்கி வைத்துவிட்டு, “தம்பி, வர்ணம் எப்படியும் அடிப்பீர்கள். இந்தப் பள்ளத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டார். என்னால் அப்போது விடை சொல்ல இயலவில்லை.

பட்டறைக்காரர் ஒரே நாளில் பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தி விடுவதாகச் சொன்னார். அவர் கைதேர்ந்தவர், செய்திருப்பார். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றமே வண்டியின் உண்மை என்று கொண்டால், அவர் சொன்னதே சரி. ஆனால் வண்டி தொழிற்சாலை வாசலில் இருந்தது ஒரு நாள், உழைத்தது பல்லாண்டு. அவ்வுழைப்பின் சான்றை அழிப்பதற்கு எனக்கு என்ன உரிமை? மறுபுறம், பள்ளத்தின் மடிப்பில் துரு ஏறியிருந்தது. அப்படியே விட்டால் தொட்டி ஓட்டையாகிப் பெட்ரோல் கசியும். அது தீயை வரவழைப்பதாகும். ஆகவே துருவை நீக்கினோம், உட்புறத்தைக் கழுவிக் காப்புப் பூச்சு இட்டோம், பள்ளத்தை நிமிர்த்தவில்லை. பொன்னிறக் கோடு தெரிந்த இடத்தில் பழைய பூச்சைக் காத்தோம். அழிந்த இடத்தில் புதுக்கோடு இழுக்கவில்லை.

பாதுகாப்புக்கு உரியவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பிரேக் கட்டைகள், டயர்கள், மின்கம்பிகள், சங்கிலி ஆகியவை புதியவை. சிலிண்டரை இன்னொரு முறை கடைந்தோம். இவையனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன்: எது முதலுறுப்பு, எது முன்னவர் மாற்றியது, எது நான் மாற்றியது. கழற்றிய உறுப்புகளைத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எனக்குப்பின் இவ்வண்டியைப் பெறுகிறவர் நான் செய்தது தவறென்று கருதினால், அதை மாற்றிக்கொள்ள அவருக்கு வழியிருத்தல் வேண்டும்.

சட்டமும் இவ்வினாவைத் தொட்டிருக்கிறது. 2021இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, ஐம்பதாண்டு கடந்து, முதல் வடிவத்தில் பேணப்பட்ட தனியார் வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதியலாம். அவற்றை அன்றாடப் போக்குவரத்திற்கு ஓட்டலாகாது. நான் அவ்வாறு பதியவில்லை. உழைத்த வண்டி இன்னும் சிறிது உழைக்கட்டும் என்று, பழைய பதிவையே முறைப்படி புதுப்பித்துக்கொண்டேன். அதைக் கிளப்புவதும் ஒரு பயிற்சியே. அம்மீட்டர் முள் சுழிக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, சிலிண்டரில் அடைபட்ட காற்றை வெளிவிடும் சிறு பிடியை இழுத்து, பிஸ்டனை உச்சியிலிருந்து சற்றே தள்ளி, பிடியை விட்டு, ஒரே உதை கொடுக்க வேண்டும். பொறுமையில்லாதவர்க்கு அது கிளம்புவதில்லை.

மாணவ நண்பர்களே! நீங்கள் எல்லோரும் பழைய மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் பாட்டியாரின் தையல் இயந்திரம் இருக்கலாம். தாத்தாவின் சைக்கிளோ வானொலிப் பெட்டியோ பரணில் கிடக்கலாம். அதன் எண்ணையும், செய்த ஊரையும், வாங்கிய ஆண்டையும், யார் எங்கே பழுது பார்த்தார் என்பதையும் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் ஊர்ப் பட்டறையில் முதிய தொழிலாளி ஒருவர் இருப்பின், அவர் கற்றதையும் கேட்டு எழுதுங்கள். இரும்பு இன்னும் சில ஆண்டு காத்திருக்கும். சொல்லத் தெரிந்தவர்கள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.